ஒரே பாட்டு, இரண்டு சுவர்: 'பைப்பர்' மோனோ ரெக்கார்டைத் தேற்றிய கதை

கேம்பிரிட்ஜுக்கு வெளியே ஒரு வயலில் ஞாயிறு காலையில் கார் பூட் சேல் போடுவார்கள். ஏழு மணிக்குப் போனால் நல்ல சாமான் கிடைக்கும், பத்து மணிக்குப் போனால் நல்ல விலை கிடைக்கும். நான் போனது பத்தரைக்கு. ஒரு பெரியவரின் கார் டிக்கியில் ஈரம் ஏறிய அட்டைப்பெட்டி. உள்ளே பிராஸ் பேண்டு, கிறிஸ்துமஸ் கேரல், மறுபடியும் பிராஸ் பேண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அட்டை உறைகூட இல்லாமல் ஒரு தட்டு. நீலமும் கறுப்புமான லேபிள், வெள்ளி எழுத்து: பிங்க் ஃபிளாய்ட், 'தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்'. இங்கிலாந்து ராக் குழு ஒன்றின் 1967 ஆல்பம். கொலம்பியா, எஸ்எக்ஸ் 6157. அது மோனோவின், அதாவது எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்த பதிப்பின் எண். இடது, வலது என்று பிரிந்த ஸ்டீரியோவாக இருந்தால் எஸ்சிஎக்ஸ் என்று ஆரம்பிக்கும்.

"அது ஓடாது, சுவரில் மாட்டத்தான் ஆகும்" என்று விற்றவரே சொன்னார். ஆறு பவுண்டு கொடுத்தேன். உறையோடு நல்ல நிலையில் இருக்கும் 1967 மோனோவுக்குக் கேட்கும் விலையை நினைத்தால் ஆறு பவுண்டு ஒன்றுமேயில்லை. இந்தத் தட்டின் நிலையை நினைத்தால் அதுவே அதிகம்.

உறை இல்லாததில்தான் மனசு கொஞ்சம் கனத்தது. விக் சிங் எடுத்த முன்பக்கப் படம் அது. பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் அவருக்குக் கொடுத்திருந்த பட்டக லென்ஸை மாட்டி, நாலு பேரையும் நாலைந்து பேராகச் சிதறடித்து எடுத்தார். பின்பக்கத்தில் குழுவின் பாடகர், கிட்டார்காரர் சிட் பாரெட் கையால் வரைந்த நிழலுருவம். அதெல்லாம் வேறு யார் வீட்டிலோ இருக்கிறது.

வீட்டுக்கு வந்து முதலில் பார்த்தது லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையில் இருக்கும் வழுவழுப்பான வளையத்தை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே அச்சு எழுத்துகள் தெரியும். ஆறு மணித் திசையில் எக்ஸ்-ஏ-எக்ஸ் என்று தொடங்கும் எண். மோனோ என்பதற்கு அதுவே சாட்சி, ஸ்டீரியோவுக்கு ஒய்-ஏ-எக்ஸ். ஒன்பது மணித் திசையில் '2', மூன்று மணித் திசையில் 'ஆர் எம்'. கொலம்பியாவை நடத்திய இஎம்ஐ கம்பெனியின் அந்தக் காலத்துத் தட்டுகளில் இது ஒரு ரகசியக் கணக்கு. கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கிப் பத்து ஆங்கில எழுத்து எடுத்து, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4 என்று போய்க் கடைசி டி-க்கு 0 என்று வைத்திருந்தார்கள். வினைலில் தடத்தை அழுத்தும் உலோக அச்சுக்கு ஸ்டாம்பர் என்று பெயர், அந்த ஸ்டாம்பரை வார்க்கும் மூலத் தட்டுக்கு 'மதர்'. ஆக என் தட்டு இரண்டாவது 'மதர்' அச்சிலிருந்து எடுத்த 24-ஆவது ஸ்டாம்பரில் அடித்தது. சேகரிப்பாளர்கள் இதற்கு உயிரை விடுவார்கள். எனக்கு இதில் இருந்த ஆர்வமெல்லாம் தட்டு உண்மையிலேயே மோனோதான் என்று உறுதிசெய்துகொள்வதில்தான். ஏன் என்று பின்னால் வரும்.

இந்த ஆல்பத்துக்கு மோனோ ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1967-இன் முதல் பாதியில் அபே ரோடு ஸ்டுடியோவில் நாலு டிராக் டேப்பில் பதிந்த ஆல்பம் இது. தயாரிப்பு நார்மன் ஸ்மித், 'ரப்பர் சோல்' வரைக்கும் பீட்டில்ஸின் ஒலிப்பதிவைப் பார்த்தவர். பதிவுப் பொறியாளர் பீட்டர் பௌன். அதே கட்டடத்தில் அப்போது பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' செய்துகொண்டிருந்தார்கள். மார்ச் 21 அன்று இவர்களை அங்கே கூட்டிப்போய் ஓரமாக உட்காரவைத்துப் பார்க்கவிட்டார்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. அதனால் அக்கறையோடு கலந்தது மோனோவைத்தான். ஆகஸ்டில் இரண்டும் வெளிவந்தன. ஆனால் சில வருஷத்தில் மோனோ கடைகளிலிருந்து மறைந்து, உலகம் முழுக்க ஸ்டீரியோவையே 'பைப்பர்' என்று நினைத்து வளர்ந்தது. நானும் அப்படித்தான்.

"மோனோதான் இப்போ மறுபடி வந்துடுச்சே, வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்று யாரும் கேட்கலாம். வந்துவிட்டதுதான். 2007-இல் இரண்டு மிக்ஸும் சேர்ந்த சிடி வந்தது, 2018-இல் மோனோ ரெக்கார்டாகவே வந்தது. காசு கொடுத்தால் சுத்தமாகக் கேட்கலாம். நான் செய்தது அதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னால் என் காதே என்னை நம்பாது. எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இந்தத் தட்டில், இந்த அழுக்கில், எவ்வளவு பாட்டு மிச்சம் இருக்கிறது என்பதில்.

முதல் வேலை கழுவுவது. காய்ச்சி வடித்த தண்ணீர் நாலு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஃபிலிம் கழுவும்போது நீர்த்திட்டு விழாமலிருக்கப் போடுகிற திரவத்தில் இரண்டே சொட்டு. (78 வேகப் பழைய அரக்குத் தட்டுகளில் ஆல்கஹால் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். இது வினைல், தாங்கும்.) லேபிள் நனையாமலிருக்க இரண்டு பக்கமும் ஒரு சாப்பாட்டு டப்பா மூடியை வைத்துக் கவ்வினேன், மூடியில் இருந்த ரப்பர் வளையம் தண்ணீரை உள்ளே விடவில்லை. அடுக்களை சிங்க் ஓரமாக நின்று மென்மயிர்ப் பிரஷால் தடம் போகும் திசையிலேயே, வட்டமாக, பக்கத்துக்குப் பத்து நிமிடம்.

"தட்டு கழுவித் தாங்கன்னா, இந்தத் தட்டைத்தான் கழுவுவீங்களா?" என்றாள் மனைவி. பதிலுக்கு நான் காட்டியது பிரஷில் ஒட்டியிருந்ததை. வெற்றிலைச் சாறு மாதிரி பழுப்பு. ஐம்பது வருஷத்துச் சிகரெட் புகை என்பது என் ஊகம்.

வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பாத்திரம் கவிழ்க்கும் கம்பித் தட்டியில் நிறுத்தி உலர்த்தினேன். துணியால் துடைக்க வேண்டாம். துணியின் பஞ்சு தடத்துக்குள் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

முதல் ஓட்டம். 'அஸ்ட்ரானமி டாமினே' தொடங்கும்போது, மேனேஜர் பீட்டர் ஜென்னர் மெகாஃபோன் வழியாகக் கிரகங்களின் பெயரைப் படிக்கிற குரல் கேட்க வேண்டும். எனக்குக் கேட்டது கடலைக்கடை. மணலில் கடலை வறுக்கும்போது வருமே, அந்தச் சடசடப்பு. அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு ஆள் பேசுகிறார். கிட்டார் உள்ளே வந்ததும் கொஞ்சம் தெளிந்தது. 'லூசிஃபர் சாம்' பரவாயில்லை. 'மெட்டில்டா மதர்' பாதியில் ஊசி மாட்டிக்கொண்டது. ஒரே துண்டு, மறுபடி அதே துண்டு. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால்... இல்லை, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒன்றும் சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இந்த 1.8 என்ற எண் அடுத்த மூன்று வாரம் என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மாட்டுகிற இடத்தை நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் லூப் என்ற பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கீறலாக இருந்தால் கை கழுவ வேண்டியதுதான் என்று பயந்தேன். கீறல் இல்லை. கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் ஒரு வெள்ளைத் துளி, பெயின்டோ நகப்பூச்சோ, இரண்டு தடத்தின் மேல் குந்தியிருந்தது. ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியின் முனையை அதன் மேல் அழுத்தாமல் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்து, தடம் போகும் திசையில் மட்டும் தள்ளினேன். நாலாவது தடவை பெயர்ந்தது. குறுக்கே தள்ளினால் தடச் சுவர் உடையும், உலோக ஊசியால் குத்தினால் கேட்கவே வேண்டாம். இப்போது அந்த இடத்தில் ஒரு சின்ன 'டப்'போடு ஊசி தாண்டிப் போகிறது.

இதே பாட்டுக்கு ஒரு கதை உண்டு. முதலில் சிட் இதில் ஹிலேர் பெல்லாக் என்ற கவிஞரின் குழந்தைப் பாடல் வரிகளை வைத்துத்தான் பாடினார். பெல்லாக்கின் உரிமைதாரர்கள் சம்மதிக்கவில்லை. வரியை மாற்றி எழுதி மறுபடி பாடினார். கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமான துண்டு அந்த மாற்றி எழுதிய வரிகளில் ஒன்றுதான்.

அடுத்தது ஊசி. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

ரெக்கார்டின் தடம் குறுக்குவெட்டில் ஆங்கில 'வி' மாதிரி இருக்கும். இரண்டு சுவர், நடுவில் பள்ளம். ஸ்டீரியோவில் ஒரு சுவரில் இடது, இன்னொரு சுவரில் வலது. மோனோவில் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆட வேண்டும் என்று வெட்டியிருப்பதால் இரண்டு சுவரிலும் ஒரே பாட்டு. அந்தக் காலத்து மோனோ ஊசியின் முனை உருண்டை, ஆரம் 25 மைக்ரான். கனமான கையில் மாட்டி, சிலர் கிராம் கணக்குப் பார்க்காமல் ஓட்டியிருப்பார்கள். அப்படி ஓட்டினால் சுவர் தேயும், ஆனால் முழுச் சுவரும் தேயாது. உருண்டை தொடுகிற உயரத்தில் மட்டும்தான் தேயும்.

'வி' தொண்ணூறு டிகிரி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 25 மைக்ரான் உருண்டை பள்ளத்தின் அடியிலிருந்து ஏறத்தாழ 18 மைக்ரான் உயரத்தில் சுவரைத் தொடும். என்னிடம் இருப்பது ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் சின்னப் பெட்டி. அதில் ஒரே உடலுக்கு வேறு வேறு ஊசி மாற்றிக்கொள்ளலாம். அதன் கூம்பு ஊசிக்கு ஆரம் 0.6 மில், அதாவது 15 மைக்ரான். அது தொடும் உயரம் பத்தரை மைக்ரான். பழைய ஊசி உழுது போட்ட வண்டித்தடத்துக்கு ஏழு மைக்ரான் கீழே, யாரும் நடக்காத ஒற்றையடிப் பாதை.

கூம்பு ஊசியையும் மைக்ரோலீனியர் ஊசியையும் மாற்றி மாற்றி 'லூசிஃபர் சாம்' முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்தேன். விலை அதிகமான மைக்ரோலீனியர்தான் ஜெயிக்கும் என்று நினைத்தேன். கிட்டாரின் மேல் ஸ்வரங்கள் அதில் பளிச்சென்று வந்தன, உண்மைதான். ஆனால் அதன் முனை மெல்லிசாக, நீளமாக இருப்பதால் சுவரின் பெரிய பரப்பைத் தொட்டு, பழைய தேய்மானத்தின் கரகரப்பையும் சேர்த்துப் பளிச்சென்று வாசித்தது. கூம்பு கொஞ்சம் மங்கல், ஆனால் அமைதி. இந்தத் தட்டுக்குக் கூம்பு என்று முடிவுசெய்தேன். வேறு தட்டுக்கு வேறு முடிவு வரலாம்.

மோனோ கார்ட்ரிட்ஜ் வாங்கவில்லையா என்று கேட்பார்கள். மோனோ தட்டைப் போட்டுக் கேட்க மட்டும் என்றால் அதுதான் நிம்மதி. பக்கவாட்டு அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்-கீழ் அசைவை விட்டுவிடும், தூசியின் சத்தத்தில் பெரும்பகுதி மேல்-கீழ் அசைவில்தான் இருக்கிறது. தேற்றுகிற வேலைக்கோ ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ்தான் தோது. ஒரே பாட்டை இரண்டு சுவரிலிருந்து தனித்தனியாக எடுத்துத் தரும். ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சி. ஒருவர் உளறும் இடத்தில் இன்னொருவரைக் கேட்கலாம்.

சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே குரலில் பேசுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிந்தேன். இரண்டு பக்கமும் சேர்ந்து கிட்டத்தட்ட 42 நிமிடம், ஒன்றரை ஜிபி. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் இடது வலது சானலைப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கூட்டினேன். இரண்டு சுவரிலும் ஒரே பாட்டு என்றால் ஒன்றையொன்று அடித்துப் பாட்டு காணாமல் போக வேண்டும்.

போகவில்லை. சிட்டின் குரல் அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி மெலிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. கார்ட்ரிட்ஜ் ஒருக்களித்திருக்கிறது என்று அர்த்தம். கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கும் ஹெட்ஷெல்லின் பிடியைத் தளர்த்தி, நூலிழை திருப்பி, மறுபடி முறுக்கி, அதே அரை நிமிடத்தைப் பதிந்து, மறுபடி கழித்து. பதினொரு தடவை. கடைசியில் வலது சானலை 0.8 டெசிபல் ஏற்றியதும் குரல் மறைந்தது. 'ஸ' ஒலிகள் மட்டும் அங்கங்கே ஊதிக்கொண்டு நின்றன. இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேயவில்லை என்பதால் அவை போகாது.

அப்போது காதில் விழுந்ததை எப்படிச் சொல்வது? பாட்டு இல்லாத தட்டு. வெறும் தேய்மானம், தூசி, கீறல் மட்டும். 1.8 விநாடிக்கு ஒரு தடவை 'ஸ்ஷ்ஷ்' என்று ஒரு அலை, நடுவே 'டப்'பென்று வெடிக்கும் பொரிகள், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஊசியைப் பொத்தென்று போட்ட இடங்களில் கொத்துக் கொத்தாகக் காயம். 'ஃபிளேமிங்' தொடங்கும் இடத்தில் அந்தக் காயம் மிக அதிகம். இந்தத் தட்டை வைத்திருந்தவருக்கு அந்தப் பாட்டு பிடித்திருக்கிறது. பாட்டைக் கழித்த பிறகு கேட்டவரின் ரசனை மிச்சம்.

இதற்கப்புறம் நான் செய்தது முட்டாள்தனம். பொரி எடுக்கும் எஃபெக்டை முழுப் பக்கத்துக்கும் ஒரே அடியாகப் போட்டுவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்து 'அஸ்ட்ரானமி டாமினே' கேட்டேன், பிரமாதம். கடலைக்கடை மூடியிருந்தது. மற்றதையும் மேலோட்டமாகக் கேட்டுச் சேமித்துவிட்டேன். மறுநாள் ஹெட்ஃபோனில் 'பவ் ஆர். டாக் ஹெச்.' ஓடும்போது ஏதோ இடித்தது. அந்தப் பாட்டே வாயால் போடும் தாளத்தில்தான் தொடங்குகிறது. சிட்டும் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸும் நாக்கைச் சொடுக்கி, உதட்டை வெடித்து, ஏதோ காட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு சூழல் பண்ணுவார்கள். அப்புறம்தான் ரிச்சர்டு ரைட்டின் பியானோ. என் சுத்தமான பதிவில் அந்தச் சொடுக்குகள் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தன. மென்பொருளுக்கு என்ன தெரியும்? திடீரென்று எழும்பி மில்லி விநாடியில் அடங்கும் எதுவும் அதற்குப் பொரிதான். மனுஷன் நாக்கால் போட்டதையும் தூசி போட்டதையும் அது ஒரே சீப்பால் வாரியிருக்கிறது.

அந்தப் பாட்டுப் பெயரிலேயே ஒரு தந்திக்காரர் ஒலி இருக்கிறது. டாக் ஹெச் என்பது முதல் உலகப் போரில் சிக்னல் படையினர் 'டீ, ஹெச்' எழுத்துகளைச் சொன்ன விதம். பெல்ஜியத்தில் போப்பரிங் ஊரில் சிப்பாய்கள் ஓய்வெடுக்க இருந்த டால்பட் ஹவுஸைக் குறிப்பது. சத்தத்தால் ஆன ஒரு பெயர் வைத்த பாட்டிலிருந்து சத்தத்தைப் பிடுங்கியிருக்கிறேன்.

பயந்துபோய் மற்றதையும் சோதித்தேன். 'தி ஸ்கேர்குரோ' தொடக்கத்தில் குதிரைக் குளம்பு மாதிரி மரத்தாளம் வருமே, அதன் முனை மழுங்கியிருந்தது. 'பைக்' கதை இன்னும் மோசம். பாட்டு முடிந்ததும் ஒரு கதவைத் திறந்து கடிகாரக் கடைக்குள் போன மாதிரி டிக்டிக், மணி, கிறீச்சென்று ஏதேதோ கலந்த ஒரு குவியல். அதில் பாதி டிக்டிக்கைக் காணோம்.

நல்லவேளையாக மூலப் பதிவைத் தனியாக வைத்திருந்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன், இந்தத் தடவை இரண்டு சாட்சிகளையும் விசாரித்து.

முறை இதுதான். இரண்டு சானலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்து வைத்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ஒரு பொரி முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். முள் இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசையில் இருந்தால் அது பெரும்பாலும் பாட்டு. நாக்குச் சொடுக்கு 1967-இலேயே டேப்பில் ஏறியது, அதனால் இரண்டு சுவரிலும் இருக்கும். ஒன்றில் மட்டும் முள், மற்றதில் சாதாரண அலை என்றால் அது அழுக்கோ காயமோ. மேலே நான் கேட்ட 'பாட்டில்லாத தட்டு' இதற்குத்தான் உதவியது. கழித்த பதிவில் கேட்கிற பொரி எல்லாம் குப்பை, கழித்த பதிவில் கேட்காதது பாட்டு. அதையே வரைபடமாக வைத்துக்கொண்டேன்.

காயம் பட்ட சானலில் அந்த நாலைந்து மில்லி விநாடியை வெட்டி, மற்ற சானலிலிருந்து அதே துண்டை எடுத்து ஒட்டி, இரண்டு ஓரத்தையும் மெதுவாகக் கரைத்தேன். தையற்காரர் கைவேலை. 'தி நோம்' பாட்டில் ஒரு சாய்ந்த கீறல் இருபத்து மூன்று சுற்றுக்கு ஓடியது. 1.8 விநாடிக்கு ஒன்று, இருபத்து மூன்று பொரி. இருபத்தொன்று வெளிச்சுவரில் மட்டும். இருபத்தொன்றும் தடம் தெரியாமல் மறைந்தன. மிச்சம் இரண்டு இரண்டு சுவரையும் தாண்டி வெட்டியிருந்ததால், பக்கத்து அலையைப் பார்த்துக் கையால் கோடு போட்டேன்.

ஆம்பில் இருக்கும் மோனோ பொத்தானை அழுத்தினால் இதே வேலை நடக்காதா என்றால், நடக்காது. அது இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கும். சீரான இரைச்சல் மூன்று டெசிபல் இறங்கும், அது லாபம். ஆனால் ஒரு சுவரில் பெரிய காயம் என்றால் பாதிக் காயம் பாட்டில் வந்துவிடும். பாலில் பாதித் தயிரைக் கலந்தால் பாதிப் பாலா கிடைக்கும்? முதலில் பொறுக்க வேண்டும், கூட்டுவது கடைசியில்.

நேரம்? முதல் பக்கத்துக்கு ஒன்பது மாலைப்பொழுது. அதில் 'டேக் அப் தை ஸ்டெதஸ்கோப் அண்ட் வாக்' மட்டும் பத்தே நிமிடம். வாட்டர்ஸ் தனியாக எழுதிய ஒரே பாட்டு இந்த ஆல்பத்தில் அதுதான். டிரம்ஸும் கிட்டாரும் நெரிசலில் முண்டுகிற பாட்டு, எந்தப் பொரியும் கேட்பதேயில்லை. பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை என்பது என் சொந்தக் கருத்து.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டதும் வேறொரு வியாதி. 'சாப்டர் 24'-இல் ஆர்கன் நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடிக்கும்போது அது ஏறி இறங்கியது. வீணைக்காரர் கமகம் போடுகிற மாதிரி, ஆனால் ஒழுங்காக, 1.8 விநாடிக்கு ஒன்று. ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்தது. தட்டு சுற்றச் சுற்றக் கை உள்ளே வெளியே ஆடியது. அந்தப் பக்கத்துத் தடங்கள் துளைக்கு மையமாக இல்லை. அரை மில்லிமீட்டர் விலகல் என்று அளந்தேன். அந்தப் பாட்டு இருக்கும் இடத்தில் ஆரம் எட்டு சென்டிமீட்டர் போல. அரையை எண்பதால் வகுத்தால் 0.6 சதவீதம், கிட்டத்தட்ட பதினோரு சென்ட் மேலேயும் பதினோரு சென்ட் கீழேயும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கிட்டாரில் தெரியாது, ஆர்கனில் நாராசம். ஐ சிங் என்ற பழைய சீனக் குறிநூலின் 24-ஆவது குறியிலிருந்து எடுத்து சிட் எழுதிய பாட்டு அது, அந்தக் குறியின் பெயரே 'திரும்பி வருதல்'. என் தட்டு அதை அப்படியே செயலில் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு வழி ஒன்றுதான், துளையைச் சற்றுப் பெரிதாக்கிக் கையால் மையப்படுத்துவது. இரண்டு நாள் யோசித்தேன். 1967-இல் அடித்த தட்டில் அரம் வைப்பதா? உறையோடு பளபளவென்று இருந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். இது ஏற்கெனவே சுவரில் மாட்டத்தான் ஆகும் என்று விற்றவரே கைவிட்ட தட்டு. சின்ன உருட்டு அரத்தால் ஒரு பக்கமாக, லேபிள் கிழியாமல், துளியளவு தேய்த்தேன். பிறகு தட்டைப் போட்டு, ஊசியை வைத்து, கை எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தட்டின் ஓரத்தை விரலால் மெல்லத் தட்டி, மறுபடி ஊசி. ஏழெட்டுத் தட்டில் கை அசையாமல் நின்றது. ஆர்கன் நேர்கோடாக நின்றபோது எனக்கே ஒரு பெருமூச்சு வந்தது.

'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு விநாடி, பக்கத்தின் வெளி ஓரத்தில், தட்டிலேயே ஊசி வேகமாக ஓடும் இடத்தில், விநாடிக்கு அரை மீட்டர். அதனால் தேய்மானமும் குறைவு. அதன் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, பிறந்த விதம் பிரசித்தம். ஜென்னர் 'லவ்' குழுவின் ஒரு பாட்டை முணுமுணுத்துக் காட்ட, அவர் சுருதி தப்பி முணுமுணுத்ததையே சிட் கிட்டாரில் பிடித்து வேறொன்றாக ஆக்கினார். ஒரு தடவை வாசித்ததன் மேல் இன்னொரு தடவை வாசித்ததை ஏற்றிப் பதிந்திருக்கிறார்கள். ஸ்டீரியோவில் முடிவில் சத்தம் இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் பந்தாடும். சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் எனக்குத் தலை சுற்றியது. மோனோவில் அந்த வித்தை கிடையாது. எல்லாம் நடுவில், ஒரே கற்றையாக, முகத்துக்கு நேரே வருகிறது. ஸ்டீரியோவில் இந்தப் பாட்டு ஒரு வேடிக்கை. மோனோவில் நாலு பேர் ஒரு சின்ன அறையில் சேர்ந்து வாசிப்பது தெரிகிறது. இதற்குள் இறங்கிப் பொரி பொறுக்க மனசு வரவில்லை. பெரிய காயம் ஆறு மட்டும் சரிசெய்துவிட்டு, மற்றதைப் பொரித்துக்கொண்டே ஓடட்டும் என்று விட்டேன்.

'பைக்' கடைசி. லேபிளுக்குப் பக்கத்தில், ஊசி விநாடிக்கு 21 சென்டிமீட்டர்தான் நகரும் இடம். அதே அலைகள் பாதி நீளத்துக்குள் நெருங்கி உட்கார வேண்டியிருப்பதால் பழைய ஊசி எல்லாத் தேய்மானத்தையும் இங்கேதான் கொட்டியிருந்தது. உள்சுவர் கிட்டத்தட்ட போயே போச்சு. இங்கே மட்டும் சராசரியை விட்டுவிட்டு, முழுப் பாட்டையும் வெளிச்சுவரிலிருந்தே எடுத்தேன். ஒற்றைச் சாட்சி. அதனால் பாட்டுக்குப் பின் வரும் கடிகாரக் கடையில் எது டிக்டிக், எது பொரி என்று தீர்மானிக்க இன்னொரு சாட்சி இல்லை. சிதைந்த உள்சுவரைக் காதில் வைத்து, அதிலும் மங்கலாகக் கேட்டால் விட்டேன், கேட்காவிட்டால் எடுத்தேன். இரண்டு இடத்தில் எனக்கே சந்தேகம். அவற்றைத் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, வரவேற்பறை ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் இணைத்து, முதலிலிருந்து முடிவு வரை போட்டேன். கிரகங்களைப் படிக்கும் குரல் தெளிவாக வந்தது, நாக்குச் சொடுக்குகளுக்குப் பல் முளைத்திருந்தது, ஆர்கன் நேராக நின்றது. மனைவி எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே நாற்பது நிமிடமும் ஒன்றும் சொல்லாமல் கேட்டாள். 'பைக்' முடிந்தது, கடிகாரங்கள் அடங்கின. அந்தக் கடைசி டேப் சுற்று வந்தது, வாத்துக் கூட்டம் சிரிக்கிற மாதிரி மறுபடி மறுபடி அதே துண்டு.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னங்க, மறுபடி மாட்டிக்கிச்சு பாருங்க. போய் எடுத்து விடுங்க."